மறுநாள் வலி: லாக்டிக் அமிலத்தின் மேல் போட்ட பொய் வழக்கு

ஜிம்முக்குப் புதிதாகப் போகிற எல்லோருக்கும் இது நடக்கும். முதல் நாள் ஜோராக நாற்பது பஸ்கி எடுப்பார்கள். அன்று ராத்திரி ஒன்றும் தெரியாது. "பரவாயில்லையே, நம்ம உடம்பு ஸ்ட்ராங்குதான்" என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் தொடை லேசாக வலிக்க ஆரம்பிக்கும். அதற்கும் மறுநாள்தான் வேடிக்கை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார்கள். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது.

"ஏண்ணே இப்படி வலிக்குது?" என்று அங்கே இருக்கிற மாஸ்டரிடம் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கும்பா. இன்னிக்கும் நல்லா போட்டு எடு, கரைஞ்சிடும்."

இந்தப் பதில் தப்பு. தப்பு என்பதை 1983-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள். அதைவிட ஆச்சரியம், கிட்டத்தட்ட சரியான பதிலை ஒருவர் 1902-லேயே எழுதி வைத்துவிட்டார். நடுவில் இருந்த எண்பது வருஷம் என்ன நடந்தது, அப்பாவி ஒருவன் எப்படிக் குற்றவாளி ஆனான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பி.காம். படிக்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கதையின் நடுவில் ஒரு 'கடன்' வருகிறது. அதனால் எங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு :-)

உள்ளே போவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். உடற்பயிற்சியில் வருகிற வலி இரண்டு வகை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, எடை தூக்கிக்கொண்டிருக்கும்போதே 'தீயாய் எரியுதே' என்று வருவது ஒன்று. நிறுத்தினால் சில நிமிடத்தில் அது போய்விடும். ஒரு நாள் கழித்து மெதுவாக வந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக மறைவது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதில்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது.

புளித்த பாலில் பிறந்தவன்

லாக்டிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. வருஷம் 1780. எடுத்தது புளித்த பாலிலிருந்து. நம் வீட்டுத் தயிருக்குப் புளிப்பு தருவதும் இதே அமிலம்தான். சுமார் முப்பது வருஷம் கழித்து இன்னொரு ஸ்வீடன்காரரான பெர்சிலியஸ், இதே அமிலம் மிருகங்களின் தசையிலும் இருப்பதைக் கண்டார். வேட்டையில் துரத்தி ஓடவிடப்பட்ட மான்களின் தசையில் இது கூடுதலாக இருந்ததை அவர் கவனித்தார் என்று ஒரு கதையும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோஸோ என்ற ஆராய்ச்சியாளர் களைப்பை அளக்க ஒரு கருவி செய்தார். பெயர் எர்கோகிராஃப். கையை ஒரு பலகையில் கட்டிவிடுவார்கள். நடுவிரலால் மட்டும் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் சுழலும் உருளையில் ஒரு கோடாகப் பதியும். ஆரம்பத்தில் கோடுகள் உயரமாக இருக்கும். போகப் போகக் குள்ளமாகி, கடைசியில் விரல் அசையவே மறுத்துவிடும். களைப்பைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 1891-ல் அவர் இதைப் பற்றி 'களைப்பு' என்றே ஒரு புத்தகம் எழுதினார்.

மோஸோ இன்னொரு சோதனையும் செய்தார். களைத்துப்போன நாயின் ரத்தத்தை எடுத்து, ஓய்வில் இருந்த நாய்க்கு ஏற்றினார். அந்த நாயும் களைப்பின் அறிகுறிகளைக் காட்டியது. ஆக, உழைக்கிற உடம்பில் ஏதோ ஒரு விஷம் சேருகிறது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பலமாக வேரூன்றியது. விஷம் என்று ஒன்று இருக்கிறது என முடிவு செய்துவிட்டால், அதற்கு ஒரு பெயர் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

1902: யாரும் கேட்காத சாட்சி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்த்த தியோடர் ஹஃப் என்பவர் இதே எர்கோகிராஃபைக் கையில் எடுத்தார். அவர் கவனம் போனது களைப்பின் மேல் அல்ல, அதற்குப் பிறகு வருகிற வலியின் மேல். பழக்கமில்லாத விரலை வைத்து ஸ்பிரிங்கை இழுக்க வைத்தார். அப்போது வலிக்கவில்லை. பல மணி நேரம் கழித்து ஆரம்பித்து, அடுத்தடுத்த நாட்களில் வலித்தது.

அவர் கவனித்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. எவ்வளவு களைத்தது என்பதற்கும் மறுநாள் எவ்வளவு வலித்தது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. விரல் அசையாத அளவு களைத்தும் மறுநாள் வலிக்காமல் இருக்கலாம்.

2. தசை எவ்வளவு பலமாக இழுபட்டது என்பதுதான் வலியைத் தீர்மானிக்கிறது.

3. பழகிய தசைக்கு இந்த வலி வருவதில்லை.

இதை வைத்து ஹஃப் ஒரு முடிவுக்கு வந்தார். உடனே வருகிற வலிக்கு வேண்டுமானால் கழிவுப்பொருட்கள் காரணமாக இருக்கலாம். மறுநாள் வலிக்குக் காரணம் தசைக்குள்ளேயே ஏற்படும் ஏதோ ஒரு கிழிவு. 1902-ல் அமெரிக்க உடலியங்கியல் இதழில் இதை வெளியிட்டார்.

அவரிடம் எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடையாது, ரத்தப் பரிசோதனை வசதி கிடையாது. ஒரு விரலும் ஒரு ஸ்பிரிங்கும் நிறையப் பொறுமையும் இருந்தன. கிழிவை அவர் கண்ணால் பார்க்கவில்லை, ஊகித்தார். ஊகம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கையில் காட்ட ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே. அடுத்த ஐந்தே வருஷத்தில் எதிர்த்தரப்பு கையில் ஒரு அளவீட்டோடு வந்து நின்றது.

தவளைக் கால்களும் ஆக்ஸிஜன் கடனும்

1907-ல் கேம்பிரிட்ஜில் வால்டர் ஃபிளெட்சர், ஃபிரெடெரிக் ஹாப்கின்ஸ் என்ற இருவர் தவளைத் தசையில் லாக்டிக் அமிலத்தை முதன்முறையாக ஒழுங்காக அளந்தார்கள். (ஹாப்கின்ஸ் பிற்பாடு வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.) அதுவரை அளந்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தசையை வெட்டி நசுக்கும்போதே அதில் அமிலம் உருவாகிவிடும், அதனால் எந்த அளவையும் நம்ப முடியாது. இவர்கள் தசையை ஐஸ் போலக் குளிர்ந்த ஆல்கஹாலில் போட்டு எல்லா வேதிவினையையும் நிறுத்திவிட்டு அளந்தார்கள். ஓய்வெடுத்த தசையில் அமிலம் மிகக் குறைவு. களைத்துப்போகும்வரை வேலை வாங்கிய தசையில் மிக அதிகம். களைத்த தசையை ஆக்ஸிஜனில் வைத்தால் அமிலம் மறைந்தது.

சோதனை அருமையானது, முடிவுகளும் உண்மை. ஆனால் அது உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட தவளைத் தசை. மறுநாள் வலிக்கிறதா என்று அந்தத் தவளையிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

இதன் மேல் மாடி கட்டியவர்கள் இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்ட் ஹில்லும் ஜெர்மனியின் ஆட்டோ மேயர்ஹாஃபும். தசையில் உண்டாகும் வெப்பத்தை ஹில் அளந்தார். ஆக்ஸிஜன் செலவுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள கணக்கை மேயர்ஹாஃப் போட்டார். 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் போனது. முதல் உலகப் போர் முடிந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. எதிரெதிர் நாட்டுக்காரர்கள் இருவர் ஒரே பரிசைப் பகிர்ந்துகொண்டது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

அதே சமயத்தில் ஹில்லும் அவரோடு வேலை செய்த லப்டனும் 'ஆக்ஸிஜன் கடன்' என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். எங்க சப்ஜெக்ட் வந்துவிட்டது பாருங்கள்! வேகமாக ஓடும்போது வருகிற ஆக்ஸிஜன் போதாது. உடம்பு லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிச் சமாளிக்கிறது, அதாவது கடன் வாங்குகிறது. ஓட்டம் முடிந்த பிறகு மூச்சிரைக்க இரைக்க நிற்கிறோமே, அப்போது கூடுதல் ஆக்ஸிஜனை இழுத்துக் கடனை அடைக்கிறது.

பாமரனுக்கும் புரிகிற உவமை. அதுதான் பிரச்சினையும். கடன் என்றால் பாக்கி என்று ஒன்று இருக்குமே? அடைபடாத பாக்கி உடம்பில் தங்கி, மறுநாள் வந்து கழுத்தைப் பிடிக்கிறது என்று கற்பனை செய்வது எவ்வளவு சுலபம்! களைப்புக்குச் சொன்ன காரணம் மெல்ல மெல்ல வலிக்கும் காரணமாக நீண்டது. மைதானத்துப் பயிற்சியாளர்கள், மசாஜ் செய்கிறவர்கள் எல்லோர் வாயிலும் அது குடியேறியது. ஹஃப் சொன்ன கிழிவு மூலைக்குப் போனது.

இத்தனைக்கும் அடிப்படையே சீக்கிரம் ஆட்டம் கண்டது. 1930-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஐனார் லுண்ட்ஸ்கார்ட், அயடோஅசெட்டிக் அமிலம் என்ற நச்சைக் கொடுத்துத் தசையில் லாக்டிக் அமிலமே உருவாகாமல் தடுத்தார். அந்தத் தசையும் சிறிது நேரம் சுருங்கி விரிந்தது! லாக்டிக் அமிலம் இல்லாவிட்டால் தசை சுருங்காது என்ற அப்போதைய கோட்பாடு அதோடு கவிழ்ந்தது. ஹில் என்ன செய்தார் தெரியுமா? 1932-ல் 'தசை உடலியங்கியலில் புரட்சி' என்ற பொருள்படும் தலைப்பில் தானே ஒரு கட்டுரை எழுதி, தன் பழைய கருத்துகள் போய்விட்டதை உலகத்துக்குச் சொன்னார். அடுத்த வருஷமே, 'கடனில்' ஒரு பகுதிக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று மார்கரியா, எட்வர்ட்ஸ், டில் ஆகிய மூவர் ஹார்வர்டில் காட்டினார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இவ்வளவு நடந்தும் மைதானத்தில் எதுவும் மாறவில்லை.

முதுகோடு முதுகாக இரண்டு சைக்கிள்

இந்த வரலாற்றிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி இது. 1952-ல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் லண்டனில் இரண்டு சைக்கிள்களைப் பின்பக்கமாகப் பொருத்தி ஒரே செயினில் கோர்த்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். அவர் மிதிக்க, அடுத்தவரின் பெடல் பின்னோக்கிச் சுற்றும். அந்த இரண்டாமவரின் வேலை எதிர்த்து நின்று தடுப்பது. இருவர் காலிலும் விழுகிற விசை ஒன்றுதான். ஆனால் மிதிப்பவர் செலவழிக்கும் ஆக்ஸிஜன், தடுப்பவரைப் போலப் பல மடங்கு.

ராயல் சொசைட்டியில் இதை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார்கள். தடுத்தவர் ஒரு இளம்பெண். மிதித்த இளைஞர் கொஞ்ச நேரத்தில் நாக்குத் தள்ளிப்போனார், அந்தப் பெண் அலட்டிக்கொள்ளவே இல்லை. பார்த்தவர்கள் ரசித்ததில் ஆச்சரியம் என்ன?

இதில் என்ன விஷயம் என்றால், தசை இரண்டு விதமாக உழைக்கும். கிணற்றிலிருந்து வாளியை மேலே இழுக்கும்போது கைத்தசை சுருங்கிக்கொண்டே உழைக்கிறது. அதே வாளியைத் தடாலென்று விடாமல் மெதுவாக இறக்கும்போதும் தசை உழைக்கத்தான் செய்கிறது, ஆனால் நீண்டுகொண்டே உழைக்கிறது. பிரேக் பிடிப்பது மாதிரி. படி ஏறும்போது தொடை சுருங்கி வேலை செய்கிறது, இறங்கும்போது நீண்டு வேலை செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது அதே பாரத்தைக் குறைவான தசை இழைகளே தாங்கிவிடுகின்றன. அதனால்தான் ஆக்ஸிஜன் செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு இழையின் மேலும் விழுகிற பாரம்? அது கூடுதல்.

நாலு வருஷம் கழித்து, 1956-ல், கோபன்ஹேகனில் எர்லிங் ஆஸ்முசென் இதையும் வலியையும் முடிச்சுப் போட்டார். மறுநாள் வலி பெரும்பாலும் இந்தப் 'பிரேக்' வேலையால்தான் வருகிறது என்று காட்டினார். செலவு குறைவான வேலைதான் அதிகமாக வலிக்கிறது! அமிலம்தான் காரணம் என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

தீர்ப்பு வந்த வருஷங்கள்: 1981, 1983

ஸ்வீடனில் யான் ஃப்ரிடேனும் அவர் சகாக்களும் ஆட்களைத் திரும்பத் திரும்ப மாடிப்படி இறங்கவிட்டார்கள். பிறகு அவர்கள் காலிலிருந்து ஊசியளவு தசையை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தசை இழைக்குள் சார்கோமியர் என்ற நுண்ணிய அறைகள் வரிசையாக இருக்கும், ரயில் பெட்டிகள் மாதிரி. ஒரு பெட்டியையும் அடுத்த பெட்டியையும் இணைக்கிற இடத்துக்கு இசட் கோடு என்று பெயர். அந்தக் கோடுகள் பல இடங்களில் நேராக இல்லாமல் கலைந்து, இழுபட்டு, குழம்பிக் கிடந்தன. 1981-ல் இது வெளிவந்தது. எண்பது வருஷத்துக்கு முன் ஹஃப் ஊகித்ததற்குக் கடைசியில் ஒரு படம் கிடைத்தது.

1983-ல் லண்டனில் டயான் நியூஹாம் குழுவினர் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்தார்கள். ஒரு ஸ்டூல். எப்போதும் ஒரே காலால் ஏற வேண்டும், எப்போதும் மறு காலால் இறங்க வேண்டும். இருபது நிமிடம். வலித்தது இறங்கிய கால் மட்டும்தான். ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. தசையை எடுத்துப் பார்த்தபோதும் இறங்கிய காலில்தான் சிதைவு இருந்தது. அதுவும் உடனே எடுத்ததைவிட ஒன்றிரண்டு நாள் கழித்து எடுத்ததில் இன்னும் அதிகம்.

அதே 1983-ல் அமெரிக்காவில் ஷ்வேன், ஆர்ம்ஸ்ட்ராங் முதலானோர் அமிலத்தையே நேராகக் கூண்டில் ஏற்றினார்கள். சிலர் டிரெட்மில்லில் சமதரையாக 45 நிமிடம் ஓடினார்கள். சிலர் பத்து சதவீதச் சரிவில் இறக்கமாக ஓடினார்கள். ஓடும்போதும் ஓடிய பிறகும் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை அளந்தார்கள். சமதரையில் ஓடியவர்களுக்கு அமிலம் ஏறியது, மறுநாள் வலி சொல்லும்படி இல்லை. இறக்கத்தில் ஓடியவர்களுக்கு அமிலம் ஏறவே இல்லை, ஆனால் நன்றாக வலித்தது.

சாதாரணமாக ரத்தத்தில் ஏறிய லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வருகிற வலியின்போது அவன் ஊரிலேயே இல்லை. இதைவிடப் பெரிய அலிபி என்ன வேண்டும்?

போதாக்குறைக்கு, அவன் கழிவே இல்லை என்பதும் தெரியவந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களில் முன்வைத்த கருத்துப்படி, ஒரு தசையில் உருவாகும் லாக்டேட் ரத்தம் வழியாக வேறு தசைக்கும் இதயத்துக்கும் போய் எரிபொருளாகப் பயன்படுகிறது. நாம் குப்பை என்று ஒதுக்கியது உண்மையில் ஊருக்கு ஊர் போகிற சரக்கு.

அப்படியானால் வலி ஏன் தாமதமாக வருகிறது?

இப்போது தெரிந்திருக்கிற வரைக்கும் சுருக்கமாக. பாரத்தோடு நீளும்போது சார்கோமியர்களில் பலவீனமானவை அளவுக்கு மீறி இழுபடுகின்றன. தசை இழையின் உறையில் நுண்ணிய ஓட்டைகள் விழுகின்றன. கால்சியம் உள்ளே கசிகிறது, புரதங்களை வெட்டும் நொதிகள் அதனால் கிளம்புகின்றன. பிறகு வெள்ளை அணுக்கள் வருகின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள், அப்புறம் மேக்ரோஃபேஜ்கள். இடிபாடுகளை அள்ளிச் சுத்தம் செய்வது இவற்றின் வேலை. இந்த வேலையில் வீக்கமும் சில வேதிப்பொருட்களும் உண்டாகி, பக்கத்திலுள்ள நரம்பு முனைகளைக் கூருணர்வு கொண்டவையாக ஆக்கிவிடுகின்றன. சும்மா தொட்டாலே வலிப்பது அதனால்தான். இதெல்லாம் நடந்து முடிய ஒன்றிரண்டு நாள் ஆகிறது. நமக்கு வலிப்பது பெரும்பாலும் உடைந்த சத்தம் அல்ல, ரிப்பேர் வேலையின் சத்தம்.

ரிப்பேர் பார்ப்பது யார்?

ஜெர்மன் மருத்துவர் ஃப்ரீட்ரிக் ஸெங்கர், டைஃபாய்டில் இறந்தவர்களின் தசைகளில் இழைகள் சிதைந்து கிடப்பதை 1864-ல் விவரித்தார். சிதைந்த தசை மறுபடி வளரும் என்பதும் அந்தக் காலம் முதலே தெரியும். எப்படி என்பதுதான் புதிர். முதிர்ந்த தசை இழை தானாகப் பிரிந்து பெருகாது. அப்படியானால் புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன?

1961-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். இழைக்கும் அதன் மேல்போர்வைக்கும் நடுவே சின்னச் சின்ன செல்கள் ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் கண்டார். இழையின் ஓரத்திலேயே இருந்ததால் சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். இவை தூங்கிக்கொண்டிருக்கும் ஆதித் தசைச் செல்களாக இருக்கலாம், அடிபட்டால் எழுந்து வேலை செய்யலாம் என்று அந்தச் சின்னக் கட்டுரையிலேயே ஊகமும் சொன்னார்.

ஊகம் சரி. ஆனால் முழு நிரூபணத்துக்கு ஐம்பது வருஷம் பிடித்தது. 2011-ல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக எலிகளில் இந்தச் செல்களை மட்டும் அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்தினார்கள். தசை மீளவில்லை. இவை இல்லாமல் புதுத் தசை இல்லை என்பது உறுதியானது.

அதோடு கதை முடியவில்லை. 2021-ல் ஸ்பெயின், போர்ச்சுகல் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியையும் காட்டினார்கள். ஓட்டத்தால் வருகிற சின்னக் கீறல்களுக்கு சாட்டிலைட் செல்லைக்கூட எழுப்ப வேண்டியதில்லை. தசை இழைக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கின்றன. கீறல் விழுந்த இடத்துக்கு அவை சில மணி நேரத்தில் நகர்ந்து போய், அங்கேயே புரதம் தயாரித்து அடைத்துவிடுகின்றன. பெரிய ஒப்பந்தக்காரரைக் கூப்பிடாமல் வீட்டு ஆளே பூசிவிடுகிற மாதிரி.

ஒருமுறை இப்படி ரிப்பேர் ஆன தசை, அதே வேலைக்கு அடுத்த முறை அவ்வளவாகச் சேதமாகாது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. ஹஃப் 'பழகிய தசைக்கு வலி இல்லை' என்று எழுதியது இதைத்தான்.

ஆனால் வலியே அளவுகோலும் இல்லை

ஹஃப் ஜெயித்துவிட்டார் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அவர் பக்கமும் முழுசாகச் சரி இல்லை. 2002-ல் கசுனோரி நோசாகா குழுவினர், வலியின் அளவும் தசைச் சேதத்தின் அளவும் ஒத்துப்போவதில்லை என்று காட்டினார்கள். 2004-ல் ஸ்வீடனில் ஜி-குவோ யூ, தோர்னெல் முதலானோர், படத்தில் தெரிகிற கலைந்த இசட் கோடுகளில் பலவும் சேதமே அல்ல, தசை தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிற வேலைதான் என்று வாதிட்டார்கள். இழைகளைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவுக்கும் வலியில் பெரிய பங்கு உண்டு என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, "வலிச்சாத்தான் வளரும்" என்கிற ஜிம் வேதமும் பொய். வலி இல்லாமலே தசை வளரும். ரொம்ப வலித்தது என்பதற்காக ரொம்ப வளர்ந்துவிடாது.

சரி, இதனால் நமக்கு என்ன?

ஒரு தப்பான காரணம் எண்பது வருஷம் ஓடினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். இரண்டு பேருக்கு நஷ்டம்.

முதலாமவர், மூன்றாம் நாள் நண்டு நடை நடந்துவிட்டு "நமக்கு ஒத்துவராது" என்று ஜிம்மை விட்டு ஓடிப்போகிறவர். உடம்பில் விஷம் சேர்ந்துவிட்டது என்று அவர் பயப்படுகிறார். சேரவில்லை. ஒரு வாரத்தில் சரியாகும், அடுத்த முறை இவ்வளவு வலிக்காது. இதை யாராவது சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார்.

இரண்டாமவர்தான் கவலைக்குரியவர். "கரைஞ்சிடும், இன்னும் போடு" என்ற பேச்சை நம்பி, சிதைந்த தசையின் மேல் மறுபடி மறுபடி பாரம் ஏற்றுகிறவர். இதன் எல்லை எங்கே இருக்கிறது என்பதும் வரலாற்றில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது இடிபாடுகளில் கை கால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். முதலில் நன்றாக இருந்த சிலர், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 1941-ல் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் இப்படி நாலு பேரைப் பற்றி எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதமும் மற்றப் பொருட்களும் சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன என்பது அதையொட்டித்தான் தெளிவானது.

கட்டடம் இடிந்து விழாமலே இது நடக்கலாம். பழக்கமில்லாத உடம்பை, குறிப்பாக வெயிலில், தண்ணீர் இல்லாமல், அளவுக்கு மீறி வாட்டினால் போதும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சாதாரண மறுநாள் வலிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாத வலி, கடுமையான வீக்கம், கை கால் தூக்க முடியாத பலவீனம், முக்கியமாகச் சிறுநீர் கறுப்பு டீ மாதிரி, கோலா மாதிரி நிறம் மாறுவது. இதில் எது வந்தாலும் மாஸ்டரிடம் கேட்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றபடி சாதாரண வலிக்கு ராக்கெட் வைத்தியம் எதுவும் இல்லை. உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் நீட்டி நிமிர்வதால் இந்த வலி பெரிதாகக் குறைவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2011-ல் சொல்லிவிட்டார்கள். வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போடுவதும் நல்லதில்லை. 36 கிலோமீட்டர் ஓடியவர்களை வைத்து டென்மார்க்கில் செய்து 2007-ல் வெளியான ஒரு ஆய்வில், வீக்கம் குறைக்கும் மாத்திரை எடுத்தவர்களுக்கு சாட்டிலைட் செல்கள் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. கொத்தனார் வருகிற வழியை நாமே அடைத்த கதை. லேசான நடை, தூக்கம், சாப்பாடு, இரண்டு நாள் பொறுமை. அடுத்த முறை நாற்பதுக்குப் பதில் பத்தில் ஆரம்பிப்பது. இவ்வளவுதான்.

தப்பான பதில் ஏன் இவ்வளவு காலம் ஓடியது என்று யோசித்தால், அதன் பக்கம் அளவீடு இருந்தது, நோபல் பரிசு இருந்தது, 'கடன்' என்று மனதில் ஒட்டுகிற ஒரு வார்த்தை இருந்தது. சரியான பதிலின் பக்கம் ஒரு விரலும் ஸ்பிரிங்கும்தான் இருந்தன. அந்த நோபல் வாங்கிய ஹில்லே பத்து வருஷத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டு ஊரறிய எழுதினார். நம்ம ஊர் ஜிம் மாஸ்டர்களுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் டைம் கொடுத்தாகிவிட்டது. இனிமேலாவது யாராவது "லாக்டிக் ஆசிட்" என்று ஆரம்பித்தால், 'ஏறியது ஒரு கால், இறங்கியது ஒரு கால், வலித்தது எந்தக் கால்?' என்று அந்த ஸ்டூல் கணக்கை மட்டும் கேட்டுப் பாருங்கள்.